ரவுட்டருக்கு ஒரு பேட்டரிப் பெட்டி

போன வாரப் பராமரிப்பு மின்தடைக்குக் காலை 9 முதல் மதியம் 2 வரை என்று அறிவிப்பு வந்திருந்தது. கரண்ட் வந்தது 2.40க்கு. அதுவரை வைஃபை ஒரு தடவைகூட விழவில்லை. ரவுட்டருக்கும் ஃபைபர் மோடத்துக்கும் சேர்த்து நான் கட்டிய பேட்டரிப் பெட்டி ஒரு முழு மின்தடையை முதன்முறையாகத் தாங்கிவிட்டது. எண்கள் மறப்பதற்குள் எழுதி வைக்கிறேன்.

இன்வெர்ட்டர் போட்டால் முடிந்துபோகும் விஷயம்தானே என்று கேட்பீர்கள். வாடகை வீடு. இன்வெர்ட்டருக்குத் தனி லைன் கிடையாது, சுவரைக் கொத்த வீட்டுக்காரர் சம்மதிக்கமாட்டார். தவிர, எனக்கு ஃபேனும் லைட்டும் ஓட வேண்டிய அவசியமில்லை. லேப்டாப்பிலும் போனிலும் பேட்டரி இருக்கிறது. நெட் மட்டும் இருந்தால் போதும். ரவுட்டருக்கும் மோடத்துக்கும் தேவை 12 வோல்ட் டிசி. பேட்டரியின் 12 வோல்ட்டை 230 ஆக ஏற்றி, அதை அடாப்டரில் மறுபடி 12 ஆக இறக்குவது வீண் வேலை.

கடையில் ‘மினி யுபிஎஸ்’ என்று ரெடிமேடாகவே கிடைக்கிறது. அதை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் பெட்டியில் 8,800 மில்லி ஆம்பியர்-மணி என்று பெரிய எழுத்தில் போட்டிருப்பதை அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது. அந்தக் கணக்கு உள்ளே இருக்கும் செல்லின் 3.7 வோல்ட்டில். 8.8ஐ 3.7ஆல் பெருக்கினால் 32.6 வாட்-மணி. அதை 12 வோல்ட்டாக ஏற்றும்போது கொஞ்சம் சூடாகப் போகும். பத்து வாட் இழுக்கும் சாமான்களுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் வந்தால் பெரிது, அதுவும் செல் புதிதாக இருக்கும்வரை. ஒரு மணி நேர மின்தடைதான் உங்கள் பிரச்சினை என்றால் அதையே வாங்கிக்கொள்ளுங்கள். இதற்கு மேல் படித்து நேரத்தை வீணாக்க வேண்டாம். எனக்கு ஐந்து மணி நேரம் தேவைப்பட்டது.

முதல் வேலை அளப்பது. ரவுட்டர் அடாப்டரில் 12 வோல்ட் 1.5 ஆம்பியர் என்று எழுதியிருக்கிறது. அது அடாப்டர் தரக்கூடிய அளவு. ரவுட்டர் எடுப்பது வேறு. ஒரு டிசி நீட்டிப்பு வயரை வாங்கி, பாசிட்டிவ் கம்பியை மட்டும் நடுவில் வெட்டி, மல்டிமீட்டரை அதன் வழியில் போட்டேன். சிவப்பு வயரை 10 ஆம்பியர் துளைக்கு மாற்ற வேண்டும், வேலை முடிந்ததும் மறக்காமல் வோல்ட் துளைக்குத் திருப்ப வேண்டும். இல்லாவிட்டால் அடுத்து பேட்டரியின் வோல்ட்டை அளக்கப் போகும்போது நேரடி ஷார்ட். ரவுட்டர் ஆன் ஆகும்போது 0.9 ஆம்பியர், அப்புறம் நான்கைந்து பேர் பயன்படுத்தும்போதும் 0.48. மோடம் 0.36. இரண்டும் சேர்த்து 0.84 ஆம்பியர், அதாவது சுமார் 10 வாட்.

இரண்டாவது, கரண்ட் போனாலும் வெளியிலிருந்து நெட் வருகிறதா என்று பார்ப்பது. இதைப் பார்க்காமல் பேட்டரி வாங்குவதில் அர்த்தமில்லை. ஃபைபர் லைனில் ஒரு பெரிய வசதி உண்டு. நம் வீட்டுக்கும் எக்ஸ்சேஞ்சுக்கும் நடுவில் இருக்கும் பிரிப்பான்கள் ஒளியைப் பங்குபோடும் கண்ணாடிச் சாமான்கள், அவற்றுக்குக் கரண்டே வேண்டாம். எக்ஸ்சேஞ்சில் பேட்டரி இருக்கும். ஆனால் சில பகுதிகளில் தெருமுனைக் கம்பத்தில் ஒரு ஸ்விட்ச் பெட்டி இருக்கும், அது நம் ஏரியா கரண்டிலேயே ஓடும். நம் லைன் எந்த வகை என்பது மின்தடை நேரத்தில்தான் தெரியும்.

வீட்டில் பழைய கம்ப்யூட்டர் யுபிஎஸ் ஒன்று கிடந்தது. அதிலிருந்த 12 வோல்ட் 7 ஆம்பியர்-மணி பேட்டரியைக் கழற்றி, சார்ஜ் ஏற்றி, அடுத்த மின்தடையில் மோடத்துக்கு மட்டும் கொடுத்தேன். லைன் இருப்பதைக் காட்டும் ‘பான்’ விளக்கு பச்சையில் அசையாமல் நின்றது. லைன் போனால் எரியும் ‘லாஸ்’ என்ற சிவப்பு விளக்கு எரியவில்லை. அந்தக் கிழட்டு பேட்டரி முக்கால் மணி நேரத்தில் படுத்துவிட்டது. ஆனால் தெரிய வேண்டியது தெரிந்துவிட்டது: லைன் உயிரோடு இருக்கிறது.

அதே மாதிரிப் புது லெட்-ஆசிட் பேட்டரியை வாங்கிப் போட்டாலே வேலை முடிந்திருக்கும். ஆயிரம் ரூபாய்க்குள் கிடைக்கும், சார்ஜ் செய்வதும் சுலபம். நான் போகாததற்குக் காரணம் நம் ஊர் வெயில். சீல் செய்த லெட்-ஆசிட் பேட்டரியின் ஆயுள் 25 டிகிரிக்கு மேல் ஒவ்வொரு 10 டிகிரிக்கும் ஏறக்குறைய பாதியாகிறது. மொட்டை மாடிக்குக் கீழே இருக்கும் எங்கள் ஹாலில் மே மாதம் 38 டிகிரி சாதாரணம். போதாததற்கு, அதை அடிமட்டம் வரை காலி செய்தால் சீக்கிரமே வீணாகும்.

அதனால் லித்தியம் அயர்ன் பாஸ்பேட். லேப்டாப்பில் இருக்கும் லித்தியம் செல்லைவிட எடை கூடுதல். ஆனால் அவ்வளவு எளிதில் தீப்பிடிக்காது, இரண்டாயிரம் தடவை சார்ஜ் தாங்கும். அதைவிட எனக்கு முக்கியமானது, நான்கு செல்லை வரிசையில் (ஒன்றின் பாசிட்டிவை அடுத்ததின் நெகட்டிவோடு) போட்டால் 12.8 வோல்ட் வருவது. 12 வோல்ட் சாமானுக்கு அளவெடுத்த மாதிரி.

செல்களைச் சென்னை ரிச்சி தெருவில் வாங்கினேன். 32700 அளவு: விட்டம் 32 மில்லிமீட்டர், உயரம் 70. 6 ஆம்பியர்-மணி என்று உறையில் போட்டிருந்தது, ஒன்று 290 ரூபாய். உறையில் அச்சடித்திருப்பதை நம்ப முடியாததால் சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தேன். நான்கும் 141 முதல் 143 கிராமுக்குள் நின்றன. இந்த அளவில் 6 ஆம்பியர்-மணி செல் 140 கிராம் அருகில் இருக்க வேண்டும். 110, 115 என்று காட்டினால் திருப்பிக் கொடுத்துவிடுவது நல்லது. வாங்கும்போதே முனைகளில் நிக்கல் பட்டை வெல்டு செய்தவையாகக் கேட்டு வாங்கினேன், பட்டையின் மேல் ஈயம் வைத்துக்கொள்ளலாம். செல்லின் மேல் நேரடியாகச் சால்டரிங் அயர்னை வைத்தால் அந்தச் சூடு உள்ளே இறங்கி செல்லைக் கெடுக்கும்.

வரிசையில் கோக்கும் முன் நான்கையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவர வேண்டும். பாசிட்டிவ் எல்லாம் ஒன்றாக, நெகட்டிவ் எல்லாம் ஒன்றாகக் கட்டி, 3.6 வோல்ட்டில் மெதுவாக ஏற்றுவது. இதற்குப் பென்ச் சப்ளை (வோல்ட்டையும் ஆம்பியரையும் நாமே வைத்துக்கொள்ளும் மேஜை மின்சப்ளை) இல்லாதவர்களுக்கு, வோல்ட்டை இறக்கும் 140 ரூபாய் எக்ஸ்எல்4015 போர்டு கைகொடுக்கும். அதில் வோல்ட்டுக்கு ஒரு திருகு, ஆம்பியருக்கு ஒரு திருகு. வோல்ட் திருகு பல சுற்று சுற்றும் ரகம். ஆரம்பத்தில் எவ்வளவு திருகினாலும் மீட்டரில் எண் அசையாது, போர்டு செத்துவிட்டதோ என்று தோன்றும். பொறுமையாகத் திருகிக்கொண்டே இருந்தால் திடீரென்று இறங்கத் தொடங்கும். 3.6ல் நிறுத்திச் செல்களை மாட்டினேன். முதலில் 3.3ல் மணிக்கணக்காக அப்படியே உட்கார்ந்திருந்தது, கடைசியில் விறுவிறுவென்று ஏறியது. இந்த வகைச் செல்லின் சுபாவமே அதுதான். நடுவில் வோல்ட்டைப் பார்த்து எவ்வளவு சார்ஜ் மிச்சம் என்று சொல்லவே முடியாது.

அடுத்தது பிஎம்எஸ், அதாவது ஒவ்வொரு செல்லையும் தனித்தனியாகக் கண்காணித்து, அளவு மீறினால் துண்டிக்கும் போர்டு. முதலில் ஒரு கடையில் நான்கு செல் போர்டு என்று கேட்டதும் எடுத்துக் கொடுத்தார்கள். “இது ஃபாஸ்பேட்டுக்கா, சாதா லித்தியத்துக்கா?” என்று கேட்டதற்கு “எல்லாத்துக்கும் ஆகும் சார்” என்றார் கடைக்காரர். வீட்டுக்கு வந்து போர்டின் மேல் இருந்த எண்ணைத் தேடினால், அது 4.2 வோல்ட் செல்லுக்கானது. என் செல்லின் உச்சவரம்பு 3.65. அந்தப் போர்டு 4.25க்குத்தான் துண்டிக்கும். அதாவது என் செல்லுக்குப் பாதுகாப்பே கிடையாது, ஆனால் பார்வைக்கு எல்லாம் சரியாக வேலை செய்யும். அதனால்தான் ஆபத்து. 180 ரூபாய் போனது. சரியான போர்டில் 3.2 வோல்ட் என்றோ எல்எஃப்பி (லித்தியம் அயர்ன் பாஸ்பேட்டின் சுருக்கம்) என்றோ அச்சிட்டிருக்கும், இல்லாததை வாங்காதீர்கள்.

பிஎம்எஸ் இணைப்பில் அவசரம் கூடாது. மெல்லிய ஐந்து கம்பிகளைச் செல்களின் சந்திப்புகளில் வைத்து, போர்டில் செருகும் முன், செருகியின் முனைகளை மீட்டரால் தொட்டுப் பார்க்க வேண்டும். கறுப்புக் கம்பியிலிருந்து அளந்தால் 3.3, 6.6, 9.9, 13.2 என்று படி படியாக ஏற வேண்டும். ஒரு படி தவறினாலும் செருகக் கூடாது. எனக்குச் சரியாக வந்தது, செருகினேன், வெளிமுனையில் 0 வோல்ட். போர்டு போய்விட்டது என்று கழற்றப் போகிறவர்களுக்கு ஒரு தகவல்: புதிதாக இணைத்த பிஎம்எஸ் பல நேரம் தூங்கிக்கொண்டிருக்கும். சார்ஜரை ஒரு நொடி காட்டினால் விழித்துக்கொள்ளும். எனக்கும் அப்படியே.

இப்போது கொள்ளளவுச் சோதனை. இதற்கு நான் பயன்படுத்தும் கருவி பைக்கின் பின்விளக்கு பல்பு, 12 வோல்ட் 21/5 வாட், விலை முப்பது ரூபாய்க்குள். இரண்டு இழைகளில் பெரியதை மட்டும் இணைத்தால் 1.8 ஆம்பியர் இழுக்கும். முழுதாக ஏற்றிய பேட்டரியில் மாட்டி, மேஜையில் ஓட்டுத் துண்டின் மேல் வைத்துவிட்டு (பல்பு நன்றாகச் சுடும், பிளாஸ்டிக் மேல் வைக்காதீர்கள்) கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இரண்டே முக்கால் மணி நேரம் வெளிச்சத்தில் துளி மாற்றமில்லை. மீட்டரில் 12.9, 12.8, 12.8. அப்புறம் 12.4, 12.0 என்று சரிய ஆரம்பித்து, மூன்று மணி ஐந்து நிமிடத்தில் பிஎம்எஸ் பட்டென்று துண்டித்தது. கணக்குப் போட்டால் 5.5 ஆம்பியர்-மணி. உறையில் 6 என்று போட்டிருந்தாலும் இது நியாயமான அளவுதான். 5.5ஐ 12.8ஆல் பெருக்கினால் 70 வாட்-மணி கையில் இருக்கிறது.

பேட்டரி வரைக்கும் பெரிய சிக்கல் இல்லை. என்னைப் படுத்தியதெல்லாம் பேட்டரிக்கும் மற்ற சாமான்களுக்கும் நடுவில் இருக்கும் பகுதிகள்.

சார்ஜருக்கு முதலில் எடுத்தது சிசிடிவிக்குப் போடும் 12 வோல்ட் 5 ஆம்பியர் எஸ்எம்பிஎஸ், அதாவது வீட்டு கரண்டை 12 வோல்ட் டிசியாக்கும், துளை போட்ட தகரப் பெட்டி. அதன் ஓரத்தில் ஒரு சின்னத் திருகு இருக்கும், திருகினால் 13.8 வரை ஏறும். ஒரு செல்லுக்கு 3.45 வோல்ட், எப்போதும் மாட்டியே வைத்திருக்க ஏற்ற அளவு. இந்தச் செல்லுக்கான சார்ஜர்கள் 14.6 வரை கொண்டுபோகும். வருடம் முழுக்க அந்த உச்சத்தில் நிறுத்தி வைப்பது செல்லுக்கு நல்லதல்ல. 13.8ல் கிட்டத்தட்ட முழு சார்ஜே கிடைத்துவிடுகிறது.

நிறைந்த பேட்டரியோடு அந்த எஸ்எம்பிஎஸ் அழகாக வேலை செய்தது. பல்பு வைத்துக் காலி செய்த பிறகு மாட்டினேன், ‘டிக்... டிக்... டிக்...’ என்று சத்தம். விளக்கு எரிந்து அணைந்து எரிந்தது. நடந்தது இதுதான்: காலியான பேட்டரி, கிடைக்கிற மின்னோட்டத்தையெல்லாம் விழுங்கப் பார்க்கும். எஸ்எம்பிஎஸ் 5 ஆம்பியரைத் தாண்டியதும் தன்னைக் காப்பாற்றிக்கொள்ள நின்றுவிடும், ஒரு நொடி கழித்து மறுபடி முயலும், மறுபடி நிற்கும். இரவு முழுக்க விட்டாலும் சார்ஜ் ஏறாது. வோல்ட் சரியாக இருந்தால் போதாது, மின்னோட்டத்துக்கும் ஒரு கடிவாளம் வேண்டும்.

அந்தக் கடிவாளம் செல்களை மட்டப்படுத்தப் பயன்படுத்திய எக்ஸ்எல்4015 போர்டிலேயே இருக்கிறது. ஆனால் அது வோல்ட்டை இறக்கும் போர்டு, உள்ளே 12 கொடுத்து வெளியே 13.8 வாங்க முடியாது. பழைய லேப்டாப் அடாப்டர் ஒன்று அலமாரியில் இருந்தது, 19 வோல்ட் 3.42 ஆம்பியர். லேப்டாப் போய் வருஷங்கள் ஆனாலும் அடாப்டர் சாகவில்லை. இந்த அடாப்டர்களை யாரும் தூக்கிப் போடாதீர்கள். வீட்டில் கிடைக்கும் மின்சப்ளைகளில் இதைவிட உறுதியானதை நான் பார்த்ததில்லை.

போர்டில் முதலில் வோல்ட்டை 13.8ல் வைத்தேன். அப்புறம் மீட்டரை 10 ஆம்பியரில் போட்டு, போர்டின் வெளிமுனைகளை மீட்டர் வழியாகவே ஷார்ட் செய்து, இரண்டாவது திருகை 2.5 ஆம்பியர் வரும் இடத்தில் நிறுத்தினேன். அதில் 0.85 ஆம்பியர் ரவுட்டர் பக்கம் போகும், மீதி பேட்டரிக்கு. காலியான பேட்டரி மூன்றரை மணி நேரத்தில் நிறைந்துவிடுகிறது. திருகுகளின் தலையில் ஒரு சொட்டு நெயில் பாலிஷ் வைத்துவிட்டால் தானாக நகராது.

எல்லாவற்றையும் மேஜையில் பரப்பி ஓடவிட்டு, ஸ்விட்சை அணைத்தேன். ரவுட்டர் தொடர்ந்தது. சந்தோஷமாக அடாப்டர் பக்கம் திரும்பினால், சுவரிலிருந்து பிடுங்கிய அடாப்டரின் பச்சை விளக்கு எரிந்துகொண்டிருக்கிறது. பேட்டரியின் மின்சாரம் எக்ஸ்எல்4015க்குள் பின்வழியாகப் புகுந்து, அடாப்டருக்குத் திரும்பிப் போயிருக்கிறது. இந்த போர்டின் உள்ளே இருக்கும் ஸ்விட்ச் ஒரு திசையில்தான் தடுக்கும். பெரிய இழப்பு இல்லைதான். ஆனாலும் மின்தடை நேரத்தில் அடாப்டரின் விளக்கை எரிப்பதற்காக நான் பேட்டரி கட்டவில்லை.

மருந்து, மின்சாரத்தை ஒரு திசையில் மட்டும் விடும் ஒரு ஷாட்கி டயோடு, 1என்5822, 3 ஆம்பியர் 40 வோல்ட், விலை ஐந்து ரூபாய். எங்கே போடுவது என்பதில்தான் யோசிக்க வேண்டியிருந்தது. போர்டுக்கும் பேட்டரிக்கும் நடுவில் போட்டால், டயோடில் விழும் 0.3, 0.4 வோல்ட் மின்னோட்டத்தோடு மாறிக்கொண்டே இருக்கும். 13.8 என்று நாம் வைத்த அளவு அங்கே நிலைக்காது. அடாப்டருக்கும் போர்டுக்கும் நடுவில் போட்டால் அந்தத் தொல்லை இல்லை, 19 வோல்ட்டில் 0.4 போனால் யார் கேட்கப் போகிறார்கள்? வெள்ளிக் கோடு இருக்கும் பக்கம் போர்டை நோக்கி இருக்க வேண்டும். பச்சை விளக்கு அணைந்தது.

இனி ரவுட்டர் பக்கம். பேட்டரி 13.8லிருந்து 10 வரை ஏறி இறங்கும், சாமான்களுக்கு 12 வேண்டும். முதலில் கையில் இருந்த எல்எம்2596 போர்டைப் போட்டேன். இதுவும் இறக்கும் ரகம், தன் பங்குக்கு ஒரு வோல்ட் எடுத்துக்கொள்ளும். 13.3 இருக்கும்போது சரியாக 12. பேட்டரி 12.8க்கு வந்ததும் வெளியே 11.8. ஆச்சரியமாக, அதில் ரவுட்டருக்கும் மோடத்துக்கும் எந்தப் புகாரும் இல்லை. நிறையப் பேர் இப்படியே விட்டுவிட்டு ஓட்டுகிறார்கள். கடைசி அரை மணி நேரத்தில்தான் வேலையைக் காட்டியது. பேட்டரி 11.5க்கு இறங்கியபோது மோடத்துக்குப் போனது 10.4. மோடம் தானாக அணைந்து, மறுபடி எழுந்து, லைனைப் பிடிக்கும் முன் மறுபடி அணைந்தது. பேட்டரியில் இருந்த மிச்சம் வீண்.

இதற்கு ஏற்றவும் இறக்கவும் தெரிந்த போர்டு வேண்டும். எக்ஸ்எல்6009 சிப் போட்ட, இரண்டு காயில் (செம்புக் கம்பிச் சுருள்) உள்ள ரகம், 130 ரூபாய். ஒரே ஒரு காயில் இருந்தால் அது ஏற்ற மட்டுமே செய்யும். உள்ளே 13.8 வந்தால் வெளியேயும் அதற்குக் குறையாமல் வரும். கடையில் இரண்டும் ஒரே டப்பாவில் கிடக்கும், காயிலை எண்ணிப் பார்த்து வாங்குங்கள். இன்னொன்று, இந்த போர்டுகள் எந்த அளவில் திருகப்பட்டு வரும் என்று சொல்ல முடியாது. எனக்கு வந்த ஒன்று பெட்டியிலிருந்து எடுத்தவுடன் 21 வோல்ட் காட்டியது. அப்படியே ரவுட்டரில் செருகியிருந்தால் கதை முடிந்திருக்கும். வெறும் போர்டை முதலில் 12.1ல் நிறுத்தி, பல்பை மாட்டிச் சுமையோடு ஒரு தடவை பார்த்து, அதற்கப்புறம்தான் ரவுட்டர்.

ஒரே போர்டில் இரண்டையும் மாட்டிப் பார்த்தேன். ஓடிக்கொண்டிருக்கும்போது பிரச்சினையில்லை. இரண்டும் ஒரே நேரத்தில் ஆன் ஆகும்போது வோல்ட் 10.2க்கு விழுந்தது, ரவுட்டர் ஆரம்பித்த இடத்திலேயே சுற்றிக்கொண்டிருந்தது. ஆளுக்கொரு போர்டு கொடுத்ததும் சரியாயிற்று. போர்டே வேண்டாம், பேட்டரியை நேராகக் கொடுத்துவிடலாம் என்று ஒரு யோசனையும் இருந்தது. பழைய ரவுட்டர் ஒன்றைத் திறந்து பார்த்தேன். உள்ளே நுழையும் இடத்தில் இருந்த கெபாசிட்டரில், அது தாங்கும் உச்சவரம்பாக 16 வோல்ட் என்று போட்டிருந்தது. 13.8 அதற்குள் அடங்குகிறதுதான், ஓடவும் செய்யும். ஆனால் மோடம் என்னுடையதல்ல, நெட் கம்பெனியுடையது. அதில் சோதனை செய்துபார்க்க மனம் வரவில்லை.

கடைசிக் குழப்பம் ஒரு பிளக்கில். எல்லாம் மாட்டிய பிறகு மோடம் மட்டும் அவ்வப்போது அணைந்து எழுந்தது. வோல்ட் சரி, சூடு சரி. அலமாரிக் கதவைச் சாத்தினால் அணைகிறது என்று கவனித்த பிறகுதான் பிடி கிடைத்தது. டிசி பிளக்கில் வெளிவிட்டம் 5.5 மில்லிமீட்டரே இருந்தாலும் உள்துளை இரண்டு அளவில் வரும், 2.1, 2.5. வெளியிலிருந்து பார்த்தால் இரட்டைப் பிள்ளைகள். மோடத்தின் ஊசி 2.1, நான் வைத்த பிளக் 2.5. ஊசி துளைக்குள் லொடலொடவென்று ஆடியிருக்கிறது. நேர்மாறாக இருந்திருந்தால் நுழையவே நுழையாது, உடனே தெரிந்திருக்கும். 2.5 மில்லிமீட்டர் டிரில் பிட்டின் பின்முனை இதற்கு நல்ல அளவுகோல்: துளைக்குள் போனால் 2.5, போகாவிட்டால் 2.1.

பெட்டிக்கு எலக்ட்ரிக்கல் கடையில் விற்கும் பிவிசி ஸ்விட்ச் பாக்ஸ். பேட்டரியின் பாசிட்டிவ் முனையை ஒட்டியே கார் ஃபியூஸ், 5 ஆம்பியர், அதற்கான ஹோல்டரோடு 45 ரூபாய். பலரும் பிஎம்எஸ் இருக்கிறதே என்று இதை விட்டுவிடுகிறார்கள். பிஎம்எஸ்ஸும் ஒரு போர்டுதான், அதுவும் போகும். மூடி போட்டு ஒரு மணி நேரம் ஓடவிட்டபோது எக்ஸ்எல்6009 சிப் 61 டிகிரி. கீழே ஒரு வரிசை, மேலே ஒரு வரிசை என்று 6 மில்லிமீட்டர் துளைகள் போட்டேன், 52க்கு இறங்கியது. செல்களைப் பெட்டியின் கீழ்ப் பாதியிலும், சூடாகும் போர்டுகளை மேல் பாதியிலும் வைத்தேன். சூடு மேலே போகும் என்பதால் செல்லுக்கு அடி படாது.

செலவு: செல் நான்கு 1,160, பிஎம்எஸ் 220, எக்ஸ்எல்4015 140, எக்ஸ்எல்6009 இரண்டு 260, டயோடு நாலைந்து சேர்த்து 20, ஃபியூஸ் 45, பெட்டி 110, வயர், பிளக், ஸ்லீவ் வகையறா 150. மொத்தம் 2,105 ரூபாய். உதவாத பிஎம்எஸ், எல்எம்2596 எல்லாம் தனிக்கணக்கு. லேப்டாப் அடாப்டர் இல்லாதவர்கள் அதற்கும் கொஞ்சம் சேர்த்துக்கொள்ளுங்கள். பழைய சாமான் கடையில் கேட்டு வாங்கும்போது மீட்டரால் 19 வருகிறதா என்று பார்த்துவிட்டுக் காசு கொடுங்கள். சால்டரிங் அயர்ன் 60 வாட் இருந்தால் நல்லது. என்னிடம் இருந்த 25 வாட் நிக்கல் பட்டையில் திணறியது. பட்டை சூடாவதற்குள் ஈயம் உறைந்துபோய், மேலோட்டமாக ஒட்டிக்கொண்டது. லேசாக இழுத்தால் கையோடு வந்தது.

இன்னொரு தடவை கட்டினால் செல்லை எட்டாக்குவேன், இரண்டிரண்டாகப் பக்கவாட்டில் சேர்த்து, அந்த நான்கு ஜோடிகளை வரிசையில் கோப்பேன். சில மாதங்களில் பராமரிப்பு மாலை 5 மணிவரை போகிறது, இப்போதைய பெட்டி ஆறு மணி நேரத்தோடு நிற்கும். போல்ட் வைத்து முறுக்கும் முனைகள் உள்ள செல் கிடைத்தால் சால்டரிங்கும் மிச்சம். முகப்பில் ஒட்டிய வோல்ட் மீட்டர் சுத்த வீண். ஐந்து மணி நேரமும் 12.9, 12.8 என்றே காட்டிவிட்டுக் கடைசியில் திடீரென்று விழுகிறது. உள்ளே போனது, வெளியே வந்தது என்று ஆம்பியர்-மணியைக் கூட்டிக் கழிக்கும் மீட்டர் வாங்க வேண்டும். 13.8லேயே நிறுத்தியிருப்பதால் பிஎம்எஸ் செல்களைச் சமன்படுத்தும் வேலையைத் தொடங்குவதேயில்லை, ஒரு செல் 3.5 வோல்ட்டைத் தாண்டினால்தான் அது தொடங்கும். அதனால் மூன்று நான்கு மாதத்துக்கு ஒரு தடவை வோல்ட்டை 14.4க்கு ஏற்றி ஒரு இரவு விட்டுவிட்டு, மறுநாள் பழைய இடத்துக்கே இறக்கிவிடுவதாக உத்தேசம். நெயில் பாலிஷைச் சுரண்டத்தான் வேண்டியிருக்கும்.

கீழ்வீட்டு அண்ணன் இதைப் பார்த்துவிட்டுத் தனக்கும் ஒன்று கட்டித் தரச் சொல்கிறார். அவருக்கு வேண்டியது சிசிடிவிக்கு, நான்கு கேமராவும், படத்தைப் பதிவு செய்யும் ஒரு டிவிஆரும். “அதே பெட்டிதானப்பா, ஒரு வயர் எனக்கும் இழுத்து விடேன்” என்கிறார். டிவிஆரில் ஹார்ட் டிஸ்க் இருக்கிறது, அது சுழலத் தொடங்கும் அந்த இரண்டு மூன்று நொடியில் எவ்வளவு இழுக்கும் என்று அளக்காமல் எதுவும் சொல்ல முடியாது. ஞாயிற்றுக்கிழமை மீட்டரோடு வருகிறேன் அண்ணே என்று சொல்லியிருக்கிறேன்.